சனிகிரகத்தைக் காப்பாற்றிய கை

செண்பகவல்லியின் வலது கை கோவில்பட்டியில் ஒரு நட்சத்திரம். அவளுடைய மற்ற பாகங்களுக்கு அந்தப் பெருமை கிடையாது. காய்கறிக் கடையில் அவள் முகத்தைப் பார்த்து யாரும் திரும்ப மாட்டார்கள். கத்தரிக்காய் பொறுக்க அந்தக் கை நீளும்போதுதான் பக்கத்தில் நிற்பவர் நிமிர்வார். "மைனி, மெதுவா!" என்பார், சொந்த அண்ணியைக் கூப்பிடுவது போல. கடையே சிரிக்கும். அவளும் சிரித்துக் கையை ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் தேவைக்கு மேல் கால் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

கைக்கு இந்தப் புகழைத் தேடித் தந்தது அவளுடைய கணவர் வேலாயுதப் பெருமாள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம். அவர் எடுத்த ஒரே படமும் அதுதான். 'சனிகிரகத்துச் சம்பந்தம்' என்று பெயர். பூமியின்மேல் படையெடுத்து வரும் சனிகிரகத்து ராஜாவைத் தடுக்கக் கதாநாயகன் ராக்கெட்டில் கிளம்பிப் போவான். போன இடத்தில் ராஜாவின் மகளையே கல்யாணம் முடித்து, சண்டையைச் சம்பந்தமாக்கிவிட்டுத் திரும்புவான். கதையில் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் கையிருப்பில்தான்.

விண்வெளி உடை தைக்க உரச் சாக்குதான் கிடைத்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தார்கள். விளக்கைப் போட்டதும் கதாநாயகன் முதுகில் 'யூரியா' என்ற எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரிந்தன. சனிகிரகத்தின் வளையத்துக்கு ஒரு சைக்கிள் ரிம். தரைக்கு, செண்பகவல்லியின் அப்பா நடத்திய கடலைமிட்டாய்ப் பட்டறையிலிருந்து மூட்டை மூட்டையாக உடைசல். பழுப்பும் பொன்னுமாக, மேடும் பள்ளமுமாக, பரப்பிப் பார்த்தால் வேற்றுக் கிரகமேதான். கோவில்பட்டிக்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது. வேறு ஊர்க்காரருக்குத் தோன்றியிருந்தால் அடுத்து என்ன வரும் என்பதும் சேர்ந்தே தோன்றியிருக்கும். எறும்பு வந்தது. கதாநாயகன் தொலைவை வெறித்து, "இந்தக் கிரகத்தில் உயிரினமே இல்லை!" என்று கம்பீரமாகச் சொல்லும்போது, அவன் பூட்ஸில் எறும்புகள் சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

பறக்கும் தட்டு என்பது இரண்டு இட்லிச் சட்டி மூடிகளைச் சேர்த்து ஒட்டியது. மிட்டாய்ப் பொட்டலம் கட்டுகிற சணலில் அதைத் தொங்கவிட்டார்கள். சணலைப் பிடிக்க வேண்டிய ஆள் அன்றைக்கு வரவில்லை. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத செண்பகவல்லி, சாப்பாட்டுத் தூக்குடன் வந்தவள், ஏணியில் ஏற்றப்பட்டாள். தட்டுக்கு அடியில் ராக்கெட் நெருப்புக்காகச் சூடம் எரிந்தது. சணல் நழுவியது. தட்டு சூடத்தில் விழுந்தால் கடலைமிட்டாயில் தீப்பிடித்து சனிகிரகமே சாம்பலாகிவிடும். அவள் யோசிக்கவில்லை. மேலிருந்து குனிந்து தட்டை ஒரே எட்டில் பிடித்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை எடுக்க ஃபிலிம் இல்லை.

ஆக, விண்வெளியின் உச்சியிலிருந்து, கை நிறையப் புது வளையலோடு ஒரு பெண்ணின் கை இறங்கி, பறக்கும் தட்டைப் பத்திரமாகப் பிடித்துக் கீழே வைக்கிற காட்சி தமிழ் சினிமாவுக்குக் கிடைத்தது.

படம் மூன்று நாள் ஓடியது. வேலாயுதப் பெருமாளை அதன்பிறகு யாரும் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. ஆனால் சில வருஷம் கழித்துக் கல்லூரிப் பையன்கள் சிலர் அந்தச் சுருளைத் தேடிப் பிடித்து பொன்மாரி டாக்கீஸில் போட்டார்கள். அன்றிலிருந்து வருஷம் தவறாமல் சித்திரை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் அரங்கு நிறைந்துவிடும். எறும்பு வந்தால், "உயிர் இருக்கு! உயிர் இருக்கு!" என்று முந்நூறு பேர் கத்துவார்கள். கதாநாயகன் முதுகைக் காட்டினால் "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?" என்பார்கள். கை இறங்கும்போது மட்டும் எல்லாரும் எழுந்து, ஒரே குரலில்: "மைனி, மெதுவா!"

டைரக்டர் அண்ணாச்சி மட்டும் ஒரு வருஷம்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

இந்த வருஷம் சுருள் புளித்துவிட்டது. கேலியில்லை. அந்தக் காலத்துச் சுருள் செய்த பொருளில் வினிகரின் அமிலம் கட்டுண்டு கிடக்கும். வயதாக ஆக அது பிரிந்து வெளியே வரும். டப்பாவைத் திறந்தால் ஊறுகாய் வாடை அடிக்கும், சுருள் காய்ந்த கறிவேப்பிலை போலச் சுருண்டிருக்கும். நல்லவேளையாக யாரோ முன்பே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார்கள். அந்தப் பிரதியைத் தியேட்டரின் புதுக் கருவியில் போட்டுப் பார்த்தார்கள்.

எறும்பு இல்லை. யூரியா இல்லை. கையும் இல்லை.

செண்பகவல்லி அந்தக் கருவியைச் செய்த சென்னைக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினாள். கம்பெனி ஓர் ஆளை அனுப்பியது.

வந்தவன் பெயர் ஜெரால்டு. சொந்த ஊர் தூத்துக்குடி. முப்பது வயதிருக்கும். எதையும் விளக்கிச் சொல்லக் கிடைத்த வாய்ப்பைத் தின்பண்டம் போல ரசிக்கிறவன். நாற்காலியில் உட்கார்ந்ததுமே தட்டில் இருந்த கடலைமிட்டாயை எடுத்து ஒரு கடலையை நெம்பி வாயில் போட்டுக்கொண்டான்.

"மைனி, இந்தக் குழியப் பாருங்க. இங்கன என்ன இருந்துச்சு?"

"கடலதான். நீங்கதான தின்னீய."

"நான் தின்னது உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட காட்டினாலும் கடலைன்னுதான் சொல்லுவாங்க. ஏன்னா சுத்தி எல்லாம் கடலை. எங்க மிஷினுக்குள்ள ஒரு திருத்தி இருக்கு, அதுவும் அப்படித்தான். லட்சக்கணக்கான படம் பாத்திருக்கு. ஒரு காட்சியப் பாத்ததும், எடுத்தவர் மனசுல என்ன நெனச்சிருப்பார்னு ஊகிக்கும். அதுக்குப் பொருந்தாதத எடுத்துட்டு, பொருந்துறத அந்த இடத்துல வச்சு அடைக்கும். டீவி, போன், தியேட்டர், இப்ப வார எல்லாத் திரையிலயும் அது இருக்கு."

"அணைச்சு வைக்க முடியாதா?"

"அணைக்கிற சுவிட்ச் வைக்கல மைனி. தப்ப யாரு பாக்க ஆசப்படுவாங்கன்னு நெனச்சிட்டோம்."

"நான் ஆசப்படுதேன்."

உள்ளறையிலிருந்து வேலாயுதப் பெருமாள் வந்தார். எழுபது வயது, நிமிர்ந்த நடை, இடது மணிக்கட்டில் தோல்வார் வைத்த பழைய கடிகாரம். "தம்பி, இவ சொல்லுதத எடுத்துக்காதீங்க. நாப்பது வருஷமா இந்த ஊரு என்னப் பாத்துச் சிரிக்கி. உங்க மிஷின் ஒண்ணுதான் நான் என்ன நெனச்சேன்னு கேட்டிருக்கு."

"கேக்கலங்க, ஊகிச்சிருக்கு" என்றாள் செண்பகவல்லி.

"ஊகிக்கவாவது செஞ்சுதே! நீ என்ன செஞ்ச? கைய விட்ட."

"விட்டேனா? பிடிச்சேன்! பிடிக்கலேன்னா எங்கப்பா மிட்டாயும் உங்க கிரகமும் சேந்து பொசுங்கியிருக்கும். சனிகிரகத்தக் காப்பாத்தினது உங்க ஹீரோ இல்ல, நான்."

ஜெரால்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கைய திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கு. படத்துல வேலை செஞ்சவங்க யாராவது, 'இது தப்பில்ல, வேணும்னே வச்சது'ன்னு வாக்குமூலம் குடுத்தாப் போதும். திருத்தி ஒத்துக்கும்."

"அப்ப நானே குடுக்கேன்."

அவன் தன் போனில் எதையோ தேடினான். பிறகு தயங்கினான். "டைட்டில்ல பேரு இருக்கணும் மைனி. எறும்பு மருந்து தெளிச்சவரு பேருகூட இருக்கு. உங்க பேரு இல்லையே."

செண்பகவல்லி கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்று ஜெரால்டு அவசரமாகப் பேச்சை நகர்த்தினான். "தியேட்டர் மிஷின்ல ஒரு குட்டிக் கண்ணு வச்சிருக்கோம். அது ஜனங்களையும் பாக்கும். எல்லாருமா சேந்து ஒரு விஷயத்த ரசிச்சா, 'சரி, இது இருக்க வேண்டியதுதான் போல'ன்னு கத்துக்கும். ஆனா கை வந்தாத்தான ரசிப்பாங்க. கைதான் இல்லையே."

அவன் போகுமுன் ஒரு சந்தேகம் கேட்டான். "கோச்சுக்காதீங்க. இவ்வளவு நல்லா எடுத்த படமெல்லாம் கெடக்க, இத எதுக்கு மைனி வருஷா வருஷம் பாக்காங்க? கிண்டலுக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கிண்டல்னா ஒரு வருஷத்துல அலுத்துரும்லா. நல்ல படத்துல எடுத்த ஆளே தெரியமாட்டான். இதுல எங்க பாத்தாலும் ஆளு நிக்கான். சணலு தெரியுது, சாக்கு தெரியுது. ஒருத்தன் கையில ஒண்ணுமே இல்லாம சனிகிரகத்துக்குப் போயிரலாம்னு நெசமாவே நம்பியிருக்கான்னு தெரியுது. அவன் கீழ விழுந்துரக் கூடாதேன்னுதான் எல்லாரும் கத்துதாங்க."

மறுநாள் மத்தியானம் அவள் மாவு அரைத்துவிட்டு வரும்போது முன்னறையில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. வேலாயுதப் பெருமாள் தனியாக உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் பார்த்து அவள் பார்த்ததே இல்லை. திரையில் சனிகிரகம் பொன்னாக விரிந்திருந்தது. வளையம் நிஜமாகவே சுழன்றது. அவர் உதடு ஒவ்வொரு வசனத்தையும் சத்தமில்லாமல் கூடச் சொல்லிக்கொண்டிருந்தது. பறக்கும் தட்டு யார் துணையுமில்லாமல் தானாக, மிதந்து, பூப்போல இறங்கியது. அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் சத்தம் காட்டாமல் திரும்பிப் போனாள். மாவுக் கையைக் கழுவாமலே ஜெரால்டுக்குப் போன் செய்தாள்.

"புகாரத் திரும்ப வாங்கிக்கிடுதேன் தம்பி. அவுக நெனச்ச படம் அவுகளுக்குக் கெடச்சிட்டு. கைக்கு என்ன, நாப்பது வருஷம் நடிச்சது போதும்."

போனை வைத்த பிறகு கையைக் கழுவினாள். கொஞ்சம் அதிக நேரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலாயுதப் பெருமாள் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு முதல்முறையாகப் பொன்மாரி டாக்கீஸுக்குள் நுழைந்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. பால்கனியில் கடைசி வரிசையில், படம் காட்டும் கருவியின் கண் தலைக்கு மேல் பார்க்கிற இடத்தில், அவரையும் செண்பகவல்லியையும் மாலை போட்டு உட்காரவைத்தார்கள். ஜெரால்டும் ஊருக்குத் திரும்பாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

படம் தொடங்கியது. கதாநாயகன் மாசில்லாத வெள்ளை உடையில் முதுகைக் காட்டினான். "ஏக்கருக்கு…" என்று ஒருவர் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "இந்தக் கிரகத்தில் உயிரினமே இல்லை!" முந்நூறு பேர் முன்னால் குனிந்து பூட்ஸைத் தேடினார்கள். பூட்ஸ் பளபளத்தது. நிஜமாகவே உயிரினம் இல்லை.

"படத்த மாத்திப் போட்டுட்டாவளோ?" என்று கீழே ஒரு குரல்.

"படம் அதாம்ல. யாரோ வெளக்கி வச்சிருக்காவ."

ராஜா மிரட்டினார். ராஜகுமாரி மயங்கினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டு பேர் முறுக்கு வாங்கப் போனவர்கள் வரவில்லை. எங்கோ ஒரு குறட்டை கேட்டது. வேலாயுதப் பெருமாள் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு முன்னால் சாய்ந்து தலைகளைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, எல்லாம் சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தாங்க இருக்கு."

"அப்ப ஏன் ஒருத்தனும் பாக்க மாட்டேங்கான்?"

அவளுக்குப் பதில் தெரியும். அவருக்குச் சொல்ல மனசு வரவில்லை.

பறக்கும் தட்டு வந்தது. பழக்கம் விடவில்லை, அரங்கு முழுவதும் எழுந்து நின்றது. "மைனி…" என்று முந்நூறு வாயிலிருந்தும் ஒரு சொல் கிளம்பியது. தட்டு தன் பாட்டுக்கு மிதந்து இறங்கியது. அதைப் பிடிக்க யாரும் வரவில்லை, பிடிக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. அடுத்த சொல் யாருக்கும் வரவில்லை. நின்றவர்கள் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் நின்றார்கள்.

அந்த அமைதியில் செண்பகவல்லியின் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவள் திரும்பினாள். வேலாயுதப் பெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிமேல் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க! என்ன செய்யுதீய?"

அவர் இடது கையை நீட்டி ஒளிக்கற்றைக்குள் விட்டார். திரையில், விண்வெளியின் உச்சியிலிருந்து, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பெரிய நிழல் கை இறங்கியது. தட்டைப் பிடிக்கப் போய்த் தவறியது. மறுபடி தடவியது. சனிகிரகத்தின் வளையத்தைப் பிடித்தது. நாற்காலி ஆடியது. செண்பகவல்லி பாய்ந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஏங்க, மெதுவா!"

கூரையே பறந்துவிடும்போலச் சத்தம் எழுந்தது. "அண்ணாச்சி, மெதுவா! அண்ணாச்சி, மெதுவா!" ஜனங்கள் நாற்காலிகளின்மேல் ஏறினார்கள். முறுக்கு வாங்கப் போனவர்கள் ஓடிவந்தார்கள். தட்டு இந்தப் பக்கம் போக, கை அந்தப் பக்கம் போக, "ரைட்டு! ரைட்டு! கொஞ்சம் லெஃப்ட்டு!" என்று ஊரே அவருக்குப் பாதை சொன்னது.

"திருத்தி இத அழிச்சிருமா தம்பி?" என்று அவள் கத்திக் கேட்டாள்.

"முடியாது மைனி!" ஜெரால்டும் நாற்காலிமேல்தான் நின்றான். இந்த நேரத்திலும் விளக்கம் சொல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. "மிஷினால வெளிச்சத்தத்தான் அனுப்ப முடியும். வார வழியிலயே அண்ணாச்சி மறிச்சுட்டாவ. நிழல எத வச்சு அழிக்கும்?" சொல்லி முடித்துவிட்டு அவனும் இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தான். "அண்ணாச்சி, மெதுவா!"

அவர்கள் தலைக்குமேல் கருவியின் குட்டிக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் மின்னும் அந்தக் கையையும் பார்த்தது, நாற்காலிகளின்மேல் நிற்கும் முந்நூறு பேரையும் பார்த்தது. உலகத்தின் எந்தத் தியேட்டரிலும் எந்தக் காட்சிக்கும் இப்படி ஒரு ரசிப்பை அது பார்த்ததில்லை. அது கற்றுக்கொண்டது.

ஒரு வாரம் கழித்து ஜெரால்டு போன் செய்தபோது அவன் குரல் உடைந்திருந்தது.

"மைனி, டீவியப் போடுங்க. எந்த விண்வெளிப் படமானாலும் பரவால்ல."

போட்டாள். அமெரிக்காக்காரர்கள் கோடி கோடியாகக் கொட்டி எடுத்த ஏதோ ஒரு படம். கடலோர நகரம் ஒன்றின்மேல் பறக்கும் தட்டுகள் மேகம் போலக் கவிந்திருந்தன. ஜனங்கள் அலறி ஓடினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் மேலே, வானத்திலிருந்து ஒரு கை இறங்கி அதைப் பிடித்திருந்தது. மயிர் அடர்ந்த இடது கை. மணிக்கட்டில் தோல்வார் வைத்த பழைய கடிகாரம்.

வேலாயுதப் பெருமாள் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு டீவியைப் பார்த்தார்.

"பறக்கும் தட்டுன்னா கை இருந்தாகணும்னு முடிவு பண்ணிட்டு, மைனி. கை இல்லாத படத்துலயெல்லாம் எடுத்தவன் மறந்துட்டான்னு நெனச்சு, இதுவே சேத்து விடுது. ஜப்பான்ல, ரஷ்யால, எல்லா எடத்துலயும். கம்பெனியில எனக்கு வேலை இருக்குமான்னு தெரியல. அண்ணாச்சிகிட்ட குடுங்க. 'அது தப்பு'ன்னு ஒரே ஒரு வார்த்தை அவுக சொன்னாப் போதும். எல்லாத்தையும் எடுத்துரலாம்."

அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கணவரின் முன்னால் நீட்டினாள். நாற்பது வருஷமாக அவர் தினம் சொல்லிவந்த வார்த்தைதான். சொல்ல அவருக்கு ஒரு சிரமமும் இருக்காது.

"தம்பி" என்றார் அவர். "கை தப்பில்ல. நான் வேணும்னே வச்சது."

மறுமுனையில் ஜெரால்டு முனகினான்.

"ஆனா உங்க மிஷின் கைய மாத்திப் போட்டிருக்கு. அதத் திருத்தணும். எழுதிக்கிடுங்க. பொம்பளக் கை. வலது கை. செவப்பு, பச்ச, செவப்பு, பச்சன்னு கண்ணாடி வளையலு. முழங்கைப் பக்கத்துல ரெண்டாவது பச்ச வளையலு பாதி உடஞ்சிருக்கும். ஏணியில தட்டினது. சுண்டுவெரல்ல மருதாணி அழிஞ்சிருக்கும். மத்த வெரல்ல நல்லா செவந்திருக்கும்."

செண்பகவல்லி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உடைந்த வளையல் அவளுக்கே நினைவில் இல்லை.

"கைக்குச் சொந்தக்காரங்க பேரு டைட்டில்ல வேணும் அண்ணாச்சி. இல்லேன்னா திருத்தி ஏத்துக்காது."

"போட்டுக்கிடுங்க" என்றார் அவர், பல்லியை ஒருமுறைகூடப் பார்க்காமல்.

இப்போது உலகத்தின் எந்த மூலையில் எந்தப் பறக்கும் தட்டுப் படம் முடிந்தாலும், பெயர்கள் எல்லாம் ஓடி, ஜனங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, கடைசியாகத் தமிழில் ஒரு வரி வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று பல நாட்டு ரசிகர்கள் கூடி விவாதிக்கிறார்கள். கோவில்பட்டியில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கை: வே. செண்பகவல்லி.